சிக்கன வகுப்பில் ஓரிரவு

(ஒரகடத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

யான் இம்மேடையில் ஏறும்போதெல்லாம் நம் இலக்கியத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பேசுதலே வழக்கமாக இருந்துவந்தது. இன்று ஆகாய விமானப் பிரயாணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளரவர்கள் கட்டளையிட்டார்கள். தமிழ்ப் பண்டிதனுக்கும் ஆகாய விமானத்திற்கும் இயைபு யாது என உங்களுள் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. விமானம் பறக்கும் விதத்தை ஆராயும் நூல்களை யான் முறையாகக் கற்றவனல்லேன். ஆயினும், விலை குறைந்த இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓரிரவு முழுதும் அமர்ந்து, அத்லாந்திக் மாகடலைக் கடந்த அநுபவம் எனக்கு உண்டு. நம் குடும்பங்களினின்றும் அங்ஙனம் செல்வோர் தொகை மிகுந்துவருதலின், கண்டதையும் கேட்டுத் தெளிந்ததையும் உங்கள் முன் வைத்தல் பயனுடையதாகும் என எண்ணி இசைந்தேன்.

முதற்கண் நாம் வாழும் இவ்விடத்தை நோக்குவோம். உடையவர் அவதரித்த தலம் என்னும் ஒரு சிறப்பினாலேயே ஸ்ரீபெரும்புதூர் நெடுங்காலம் உலகறிய விளங்கிற்று. நம் பாட்டன்மார் ஏரிநீர் பாய்ச்சி நெல் விளைத்த நிலம் இது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் காலூன்றினர். 1998-இல் அவர்தம் முதற் கார் வெளிவந்தது. 2006-இல் நோக்கியா தொலைபேசித் தொழிற்சாலை தோன்றி, 2014-இல் மூடப்பெற்றது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தொடர்ந்தன. கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் ஆகியோர் நம் கடைத்தெருவில் காய்கறி வாங்கும் காட்சி இன்று யாருக்கும் வியப்பளிப்பதன்று. அவர்கள் இங்கு வந்தவாறே நம் பிள்ளைகளும் அங்குச் செல்கின்றனர். பயிற்சிக்கென மூன்று மாதம் சென்றவன் மூன்றாண்டு தங்குகிறான், பின்னர் மணம் புரிகிறான், பேறுகாலம் வருகிறது, ஊரிலுள்ள தாய்க்கு அழைப்பு வருகிறது. மகனைத் தொழிற்சாலை தன் செலவில் அனுப்பிற்று. தாய் செல்வது குடும்பத்தின் செலவில். ஆதலின் அவளுக்கு வாய்ப்பது விமானத்தின் பின்பகுதியில் உள்ள சிக்கன வகுப்பே.

பரந்தூரில் புதியதொரு விமான நிலையம் அமைப்பதென 2022-இல் அறிவிக்கப்பட்டதையும், தம் வயலும் ஏரியும் போய்விடுமென ஏகனாபுரம் முதலிய ஊரார் எதிர்த்துப் போராடியதையும் நீவிர் அறிவீர். அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் இன்றைய பொருளன்று. விமானம் என்பது நம் தலைக்குமேல் ஓசையிட்டுப் போகும் பிறர் பொருளாக இருந்த காலம் கழிந்து, நம் நிலத்தையும் நம் இல்லத்தையும் தொடும் பொருளாக ஆயிற்று என்பதைக் காட்டவே இதனைக் கூறினேன்.

இனி, சாதிச் சங்கம் ஒன்றன் கூட்டத்தில் கடற்பிரயாணத்தைப் பற்றிப் பேசுவோன் பழைய செய்தி ஒன்றை மறத்தலாகாது. கடல் கடத்தல் குற்றம் என ஒரு காலத்தில் சாதிக்கட்டு இருந்தது. 1888-இல் காந்தியடிகள், இளைஞராய், சட்டம் பயிலச் சீமைக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவர்தம் மோட் பனியா வகுப்பார் கூட்டம் கூட்டித் தடுத்தனர். அவர் உடன்படாமையால் சாதியினின்று விலக்கினர். அவரை வழியனுப்பச் செல்வோர் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் இறுக்க வேண்டுமெனவும் விதித்தனர். நம் நாட்டுக் கணித மேதை சீனிவாச இராமாநுஜனும் இத்தகைய தடையை எண்ணி முதலில் தயங்கினார். பின்னரே துணிந்து, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிற் கப்பலேறி, ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். இருபத்தெட்டு நாட்பிரயாணம்! இன்றோ சாதிச் சங்கத்தின் தலைவரே பாட்டிமார்க்குக் கடல் கடக்கும் வழி கூறுமாறு ஆசிரியனை அழைக்கின்றார். அபராதம் விதித்த சபைகளும் வழித்துணை புரியும் சபைகளும் ஒரே பெயருடையன ஆயினும், காலம் அவற்றின் தொழிலை மாற்றிவிட்டது. இம்மாற்றத்தை எண்ணி மகிழ்தல் வேண்டும்.

அத்லாந்திக்கை இடைநில்லாது வான்வழி கடந்த முதற் பிரயாணமும் ஓர் இரவுப் பிரயாணமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1919 ஜூன் 14-ஆம் நாள் ஆல்காக், பிரௌன் என்னும் பிரிட்டிஷார் இருவர் நியூபவுண்டுலாந்தினின்று கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, மூடுபனியையும் பனிக்கட்டியையும் பொருது, ஏறத்தாழ 16 மணிநேரம் பறந்து, மறுநாட் காலை அயர்லாந்தில் ஒரு சேற்றுநிலத்தில் இறங்கினர். 1939-இல் பான் அமெரிக்கன் கம்பெனியார் நீரிலிருந்து எழும்பும் பெருவிமானத்திற் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினர். ஒருவழிக் கட்டணம் 375 டாலர். அது செல்வர்க்கே எட்டும் தொகை. 1952-இல் கட்டணம் குறைந்த சுற்றுலா வகுப்பும், 1958-இல் அதனினும் குறைந்த சிக்கன வகுப்பும் அம்மாகடல் வழியில் ஏற்பட்டன. அவ்வாண்டிலேயே ஜெட் விமானங்களும் அவ்வழியில் ஓடத் தொடங்கின. 1970-இல் போயிங் 747 என்னும் பெருவிமானம் வந்தது. நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே செல்லலாயினர். நம் சீவகசிந்தாமணி கூறும் மயிற்பொறியில், கருவுற்ற அரசி ஒருத்தி தனியளாய் ஏறிச் சென்றாள். அதில் ஒருவர்க்கே இடம். ஆதலின் வகுப்புப் பிரிவிற்கு இடமில்லை. பலர் ஏறியவுடனே பிரிவும் ஏறிற்று.

‘சிக்கனம்’ என்பது நல்ல சொல். ஆயினும் அது ஒரு திரை. நம் இரயில்வேயில் ‘மூன்றாம் வகுப்பு’ என்னும் பெயரை 1974-இல் நீக்கினர். ஆயினும் கூட்டமும் நெருக்கமும் பெயரோடு நீங்கவில்லை. அதுபோல, விமானத்தில் இறுதி வகுப்பிற்குச் சிக்கனம் எனப் பெயரிட்டனர். அங்கே ஓர் இருக்கையின் முதுகிற்கும் அதற்கு முன்னுள்ள இருக்கையின் முதுகிற்கும் இடைப்பட்ட தூரம் இன்று பெரும்பாலும் 31 அங்குலம். 1958-இல் அது 34 அங்குல அளவில் இருந்தது. அகலம் 17 அல்லது 18 அங்குலம். முன்னிருப்பவர் தம் இருக்கையைச் சாய்த்தால் அவர் தலை நம் மார்பருகே வரும். முன்பகுதியில் படுக்கையாக விரியும் இருக்கைகள் உண்டு. அவற்றின் விலை பன்மடங்கு. குறைந்தது என்று நாம் கூறும் நம் கட்டணமோ, இங்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர்க்குப் பல மாத ஊதியம் ஆகும். எனவே சிக்கனம் என்பது யாருடைய கண்ணுக்குச் சிக்கனம் என வினவிப் பார்த்தல் நன்று.

அமெரிக்காவினின்று ஐரோப்பாவிற்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் இரவிற் பறப்பது ஏன்? காரணம் எளிது. மாலையிற் புறப்பட்டால் காலையிற் சேரலாம். அங்கிருந்து கிழக்கே செல்லும் பிற விமானங்களைப் பிடிக்கலாம். வந்த விமானமும் பகலில் மேற்கு நோக்கித் திரும்பலாம். ஆதலின் இரவெல்லாம் கிழக்கு நோக்கியும், பகலெல்லாம் மேற்கு நோக்கியும் அம்மாகடலின்மேல் விமானங்கள் அணியணியாகச் செல்கின்றன. அவ்வணிகளுக்கு நாள்தோறும் காற்றின் போக்கை நோக்கி வழி வகுக்கின்றனர். கானடாவில் காண்டர் என்னும் நிலையத்தாரும், இக்கரையில் ஷான்விக் எனப்படும் நிலையத்தாரும் அவற்றைக் கண்காணிக்கின்றனர். மேற்கிலிருந்து கிழக்காக மிக்க உயரத்தில் வீசும் பெருங்காற்று கிழக்கே வருவோரை உந்துகிறது. மேற்கே செல்வோரை எதிர்க்கிறது. இதனால் வருவதற்குச் செல்வதினும் ஏறத்தாழ ஒரு மணி குறைவாகும்.

இங்கு ஒரு கணக்கைக் கேளுங்கள். டெட்ராயிட் நகரில் மாலை 6 மணிக்குப் புறப்பட்டு, 8 மணிநேரம் பறந்து, ஜெர்மனியிற் பிராங்க்பர்ட்டு சேர்ந்தால், அங்கே கடிகாரம் காலை 8 காட்டும். நம் உடலிலுள்ள கடிகாரமோ இரவு 2 மணி என்று கூறும். இடையில் 6 மணிநேரத்தை உலகம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. எஞ்சிய இரவிலும், உணவு பரிமாறுதல் ஒரு பகுதியைக் கொள்ளும். காலையுணவுக்கு விளக்கேற்றுதல் மற்றொரு பகுதியைக் கொள்ளும். உறக்கத்திற்கு எஞ்சுவது மூன்று, நான்கு மணியே. அதுவும் அமர்ந்தவாறே உறங்கும் உறக்கம்.

சென்ற ஆண்டு, டெட்ராயிட்டுக்கு அருகில் வேலை பார்க்கும் என் இளவலுக்கு மகப்பேறு உண்டாயிற்று. எழுபது வயது நிரம்பிய என் அன்னையாரை உடனழைத்துச் சென்று, கோடை விடுமுறை முடியுமுன் அவருடன் மீண்டேன். மீளும் இரவில் நிகழ்ந்ததை மட்டும் சொல்வேன். கடலை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும் என்று விரும்பிப் பலகணி ஓரத்து இருக்கையில் அன்னையார் அமர்ந்தார். நடுவில் யான். நடைவழி ஓரத்தில் ஐரோப்பிய மூதாட்டி ஒருவர். விளக்குகள் அணைந்தன, கடலும் வானும் ஒரே கருமை, காண்பதற்கு ஒன்றுமில்லை. பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தபோதெல்லாம் அன்னையார் வேண்டாமென்று தலையசைத்தார். மூன்றாம் முறை யான் காரணம் வினவினேன்.

“தண்ணி குடிச்சா எழுந்து போகணும்ப்பா. அந்த அம்மா தூங்குறாங்க, பாவம். எப்படி எழுப்புறது?” என்றார்.

செருப்பைக் கழற்றியிருந்த அவர் கால்களை அப்போது நோக்கினேன். இரு கணுக்கால்களும் வீங்கியிருந்தன; பாதம் தரையில் முழுதும் படியாமல் தொங்கியது. இருக்கையோ உயரம், அவரோ குறுகிய உருவினர். ஐந்து மணிநேரம் அவர் எழவில்லை. யான் ஆங்கிலத்தில் மெல்ல வேண்டிக்கொள்ள, அம்மூதாட்டி கண் விழித்தார். என் அன்னையார் கால்களைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்தார். அன்னையாரின் கையைப் பற்றி நடைவழியிற் பின்கோடி வரை அழைத்துச் சென்று திரும்பினார். அதன்பின் ஒரு மணிக்கு ஒருமுறை, தாமே என் தோளைத் தட்டி, அன்னையாரை நோக்கிக் கைகாட்டி, எழுந்து நின்றார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. இறங்கும்போது அன்னையார் தம் பையிலிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். அவ்வளவே நிகழ்ச்சி.

இதனை அன்பின் கதையாக மட்டும் கொண்டு நீவிர் செல்லுதலாகாது. நம் தாய்மார் பிறரை எழுப்புதற்கு நாணுகின்றனர்; அந்நாணத்தால் நீர் பருகாது இருக்கின்றனர்; நீர் பருகாமையோடு அசையாமையும் சேர்கின்றது. இவ்விரண்டும் சேர்ந்தவிடத்து என்ன தீங்கு நேரும் என்பதை வைத்திய நிபுணர் ஆராய்ந்து வைத்துள்ளனர். அதனை விளங்கச் சொல்வதே என் உரையின் உட்கருத்து.

விமானம் 35,000 அடி அல்லது அதற்கு மேலும் பறக்கிறது. வெளியே குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 55 பாகை வரை செல்லும். உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பினும், தரையிலுள்ள அளவுக்கு அழுத்துவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாக வைத்திருக்கின்றனர். உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி. எனவே சிக்கன வகுப்பில் அமர்ந்திருத்தல், உதகையில் ஓர் ஒடுங்கிய நாற்காலியில் இரவெல்லாம் அமர்ந்திருத்தலை ஒக்கும். நீவிர் கொண்டுசெல்லும் முறுக்குப் பொட்டலம் நடுவானில் உப்பிப் புடைப்பதைக் கண்டு இதனைத் தெளியலாம். அங்குள்ள காற்று மிக வறண்டது. அதன் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 20-க்கும் குறைவு. ஆதலின் உதடு வெடிக்கும், கண் உறுத்தும், தொண்டை உலரும். நாவிற்கு உப்பும் இனிப்பும் குறைவாகவே தோன்றும். சமைத்தவரை வைவதிற் பயனில்லை.

இவையெல்லாம் சிறு துன்பங்கள். பெருந்துன்பம் காலில் உள்ளது. நடக்கும்போது கெண்டைக்காற் சதை சுருங்கி விரிந்து, கீழிறங்கிய குருதியை மேலே தள்ளுகிறது. நெடுநேரம் அசையாதிருந்தால் அப்பணி நின்று, ஆழ்ந்த குருதிக்குழாயில் குருதி உறைந்து கட்டியாதல் உண்டு. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையுமாயின் உயிர்க்கே ஊறு நேரும். உலகச் சுகாதார நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 4 மணிநேரத்திற்கு மேற்பட்ட பிரயாணத்தில் இவ்வபாயம் இரண்டு மூன்று மடங்காகிறது. ஆயினும் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர்க்கே நேர்கிறது. ஆதலின் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. விமானத்தில் மட்டுமன்று; பஸ், இரயில், கார் ஆகியவற்றில் அசையாதிருப்போர்க்கும் இது பொருந்தும். உடல் பருத்தவர், கருத்தடை மாத்திரை உண்பவர், முன்பு இந்நோய் கண்டவர், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர் ஆகியோர்க்கு அபாயம் மிகுதி. ஆறடிக்கு மேல் மிக உயர்ந்தவர்க்கும், 1.60 மீட்டருக்குக் குறைந்தவர்க்கும் அது மிகுதி என்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்டது. நம் தாய்மாருட் பெரும்பாலோர் இவ்விரண்டாம் வகையினர். என் அன்னையார் பாதம் தரையிற் படியாது தொங்கியதன் பொருள் இப்போது விளங்கும்.

இதற்குப் பரிகாரம் விலையின்றிக் கிடைப்பதே. அமர்ந்தவாறே பாதத்தை மேலும் கீழும் அசைத்தல் வேண்டும். ஒரு மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடத்தல் வேண்டும். தண்ணீர் அடிக்கடி சிறிது சிறிதாகப் பருக வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் விலக்க வேண்டும். குறுகிய உருவினர் கைப்பையைக் காலடியில் வைத்து அதன்மேல் பாதத்தைப் பதிக்கலாம். நடைவழி ஓரத்து இருக்கையை முன்னரே கேட்டுப் பெறுதல் நலம்; கடலைக் காண்பதற்கு இரவுப் பிரயாணம் ஏற்றதன்று. அபாயம் மிக்கவர் வைத்தியரைக் கேட்டு, காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை அணியலாம். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், மார்பு வலித்தாலும், அலைச்சலால் வந்ததென்று சுக்குக் கஷாயத்தோடு நின்றுவிடாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே, “விமானத்தில் வந்தேன்” என்பதை முதலிற் சொல்லுதல் வேண்டும். அவ்வொரு சொல் உயிர் காக்கும்.

இனி, உறக்கக் கேட்டைப் பற்றிச் சிறிது கூறுவேன். பல நாழிகை வேறுபட்ட நாட்டினின்று மீண்டோர் பகலில் உறங்குவர். நள்ளிரவில் விழித்து அடுக்களையில் உலாவுவர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணியளவே உடல் தன்னைத் திருத்திக்கொள்ளும். கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் மெதுவாகவே திருந்தும். காலை வெயிலில் நடத்தல் இதற்கு நல்ல மருந்து. ஆனால் இந்நோயை அறிதற்கு அத்லாந்திக் கடக்க வேண்டுவதில்லை என்பதை நம் ஊர் இளைஞர் அறிவர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என ஷிப்டு மாறிமாறி வேலை செய்வோர், ஒரு காலடியும் கடலில் வையாமலே வாரந்தோறும் இத்துன்பத்தை நுகர்கின்றனர். வல்லம் வடகாலில், தொலைபேசித் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குதற்குரிய பெருவிடுதி 2024-இல் திறக்கப்பெற்றது. அத்தகைய விடுதிகளில் பகல் உறக்கம் கொள்ளும் பெண்மக்கள், சிக்கன வகுப்புப் பிரயாணியினும் கடுமையான இரவுகளைக் கழிக்கின்றனர். அமெரிக்கா சென்று மீண்டவர்க்கு, ‘பாவம், உறக்கம் கெட்டது’ என்று நாம் இரங்குகின்றோம். இராமுறை முடித்து வந்த மருமகள் பகலில் உறங்கினால், ‘நேரங்கெட்ட நேரத்தில் உறங்குகிறாள்’ என்று குறை கூறுகின்றோம். இரு உறக்கமும் ஒரே உடலின் தேவையன்றோ? சங்கத்துக் குடும்பங்களில் இவ்வொன்றேனும் திருந்துமாயின் என் உரை வீண்போகாது.

விமானத்தில் மற்றொன்றும் கண்டேன். ஏறும்போது பணம் மிகுதியாகக் கொடுத்தோரை முதலில் அழைக்கின்றனர். ஏறியபின் அவர்க்கும் நமக்கும் இடையே ஒரு திரையை இழுக்கின்றனர். ஆயினும் திரைக்கு இப்பால், ஒரு வரிசையில் அமர்ந்தவருள் யார் எக்குலத்தார், எம்மதத்தார் என்பதை யாரும் வினவுதற்கில்லை. முழங்கை முழங்கையோடு உரசுகின்றது. ஒருவர் உறங்கிச் சாய்ந்தால் மற்றவர் தோள் தாங்குகின்றது. தீண்டாமை என்பது 17 அங்குல இருக்கையில் நிற்க இடமில்லாமல் ஓடிவிடுகிறது. அங்கே பிறர் எழுந்து வழிவிட்டதனை ஏற்றுக்கொள்ளும் நாம், ஊருக்குத் திரும்பியதும் நம் தெருவில் வழிவிட மறுப்போமாயின், கடல் கடந்ததன் பயனை இழந்தோம் ஆவோம். பிறப்பினால் இட்ட திரையை நாம் கிழிக்கக் கடமைப்பட்டோம். பணத்தினால் இட்ட திரையைக் கண்டு மயங்காதிருக்கவும் கடமைப்பட்டோம்.

இறுதியாக, நம் சங்கம் செய்யத்தக்கன சில உள. திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடல் கடந்து மீண்டோர் இம்மண்டபத்தில் அமர்ந்து, புதிதாகச் செல்லும் முதியோர்க்கு வழி கூறலாம். கூறவேண்டியன பல. முதியவர்க்குச் சக்கர நாற்காலி வேண்டுமாயின் சீட்டுப் பெறும்போதே விமானக் கம்பெனிக்கு அறிவித்தல் வேண்டும். அதனைக் கேட்பதில் இழிவில்லை. சைவ உணவு வேண்டுவோரும் முன்னரே அறிவித்தல் வேண்டும். இன்சுலின் முதலிய மருந்துகளை அடியிற் போகும் பெட்டியில் வையாமல், வைத்தியர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்தல் வேண்டும். ஊறுகாயும் நெய்யும் கைப்பையிற் செல்லா. பழம், விதை, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றை அமெரிக்கச் சுங்கத்தார் அனுமதியார். மறைத்துக் கொண்டுசெல்லுதல் அபராதத்திற்கு இடமாகும். தனியே செல்லும் தாயிடம், பெயர், சேருமிடம், மகன் தொலைபேசி எண், உண்ணும் மருந்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அட்டை இருத்தல் வேண்டும். “தயவு செய்து எழுந்து வழிவிடுங்கள், நான் நடக்க வேண்டும்” என்னும் வேண்டுகோளையும் அவ்வட்டையின் பின்புறத்தில் எழுதி வைத்தல் வேண்டும். நாணமுடையார் வாயாற் கேளாததை அட்டை கேட்கும்.

மற்றொன்று: குளிர்நாட்டுக்கென வாங்கிய கம்பளிச் சட்டைகள் பல நம் வீட்டு அலமாரிகளில் அந்துப்பூச்சிக்கு இரையாகின்றன. அவற்றைச் சங்கத்தில் ஒப்படைத்தால், செல்வோர்க்கு இரவலாகத் தந்து திரும்பப் பெறலாம். நம் வகுப்பார்க்கு மட்டுமன்றி, இவ்வூரில் யார் கேட்பினும் தருதல் வேண்டும் என்பது என் விண்ணப்பம். குளிர் குலம் பார்ப்பதில்லை.

அன்பர்காள்! பிள்ளைகள் தூரதேசம் செல்வதைத் தடுத்தல் இயலாது, தடுத்தலும் தகாது. அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் நலத்துடன் சென்று நலத்துடன் மீள வேண்டும். நீர் கேட்கவும் வழி கேட்கவும் நாணாதிருக்க அவர்களுக்குக் கற்பிப்பீராக. செயலாளரவர்கள் அடுத்த திங்களே அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தொடங்கிவைப்பார்களாக. முதல் அட்டைகளை எழுதித் தரும் பொறுப்பை யான் ஏற்கின்றேன்.